ஜோக்ஜாவில் ஒரு ராத்திரி அடுப்பு

காலை நாலரை மணி. இந்தோனேசியாவின் ஜோக்ஜகார்த்தாவில் ப்ராவிரோத்தமன் தெருவோரம் முதுகுப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். போரோபுதூர் பௌத்தக் கோயிலில் சூரியன் உதிப்பதைக் காட்டுகிறேன் என்று முன்பணம் வாங்கியிருந்த வண்டி மூன்றரைக்கே வந்திருக்க வேண்டும். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. தனியாக வெளிநாடு கிளம்பியது எனக்கு அதுதான் முதல் தடவை. பல மாதமாகக் காசு சேர்த்து வந்திருந்தேன். மூடிக் கிடந்த துணிக்கடைகளைப் பார்த்தபடி நின்றபோது தொண்டையை அடைத்தது.

அப்போதுதான் எதிர்ச்சாரியில் ஒரு விளக்கு எரிந்தது. ஓர் அம்மா, அறுபதைத் தாண்டியிருப்பார், தலையில் முக்காடு, தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து தன்னைச் சுற்றி அரைவட்டமாகப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நடுவில் கரி படிந்த ஒரு மண்பானை. என்னைப் பார்த்ததும் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. வலது கை விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லையே! “சம்புன் தஹார்?” என்று அவர் கேட்டது, நம் ஊரில் வாசலைத் தாண்டுகிறவர்களை எல்லாம் கேட்கிற அதே “சாப்பிட்டாச்சா?”தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

வாழையிலைத் துண்டைக் கூம்பாகச் சுருட்டி ஓரத்தில் ஈர்க்கைக் குத்தி நிறுத்தினார். நம் தொன்னைதான், அங்கே பின்சுக் என்கிறார்கள். அதில் சோறு. சோற்றின் மேல் மண்பானையிலிருந்து செம்மரக்கட்டை நிறத்தில் எதையோ அள்ளி வைத்தார். பாதி முட்டை, அதுவும் பழுப்பாக. பக்கத்தில் சிவப்பாக ஒரு காரக்குழம்பு. கடைசியில் கட்டியான தேங்காய்ப்பாலை ஒரு கரண்டி மேலே வழியவிட்டார்.

முதல் வாய் ஏமாற்றமாக இருந்தது. இனித்தது. சோற்றோடு இவ்வளவு வெல்லத்தை என் நாக்கு எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது வாயில் காரக்குழம்பும் சேர்ந்து வந்தது. மூன்றாவதில் தேங்காய்ப்பாலின் உப்பும் கொழுப்பும். நாலாவது வாயில் பல்லுக்கடியில் ஒரு நார் பிரிந்தது. அந்த நாரை எனக்குத் தெரியும். என் பல்லுக்கு நாற்பது வருஷமாகத் தெரியும்.

பலா மூசு!

நான் பண்ருட்டிக்காரி. எங்கள் ஊரில் ஒரு மரத்தில் காய் நெருங்கிப் பிடித்தால், மிச்சக் காய் நன்றாகப் பெருக்கட்டும் என்று சிலதைப் பிஞ்சிலேயே கழித்துவிடுவோம். அப்படிக் கழித்த மூசு மாசி, பங்குனியில் எல்லா வீட்டிலும் குழம்பாகும். எங்கள் ஆயா வைக்கிற மூசுக் குழம்பைக் கறிக்குழம்பு என்று நினைத்துச் சாப்பிட்டு ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த ஆயா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அந்தக் குழம்பும் அவரோடு போய்விட்டது. ஜாவாவில் ஒரு தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து அந்த நாரை மென்றபோது என் கண் கலங்கியது உண்மை. அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் இன்னொரு கரண்டி வைத்தார். விலை 15,000 ருபியா, நம் பணத்துக்குச் சுமார் 80 ரூபாய். அந்த இன்னொரு கரண்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தச் சாப்பாட்டின் பெயர் குடெக். ஜோக்ஜாவின் அடையாளமே இதுதான். சுல்தான் அரண்மனைக்குப் பக்கத்தில் விஜிலான் என்றொரு தெரு முழுக்க குடெக் கடைகள். ஊர்க்காரர்கள் இதைக் காலை ஆகாரமாகச் சாப்பிடுகிறார்கள். நடுராத்திரியில் திறக்கிற கடைகளும் உண்டு. கிளறுவதைக் குறிக்கும் ஜாவானியச் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்கிறார்கள். பிஞ்சுப் பலாவைத் தேங்காய்ப்பாலிலும் தென்னம்பாளை வெல்லத்திலும் மணிக்கணக்காக வேகவைப்பது. ஈரம் வற்றாமல் எடுப்பது ஒரு வகை, சுண்டச் சுண்ட வற்றவைப்பது இன்னொரு வகை. சுண்டியது கெடாமல் தாங்கும் என்பதால் மூங்கில் பெட்டியிலும் மண்பானையிலும் கட்டி வெளியூருக்குக் கொண்டுபோகிறார்கள்.

மிச்சமிருந்த ஐந்து நாளும் என் காலைச் சாப்பாடு அந்த முக்காலிக்கு எதிரேதான். எல்லாரும் அவரை “பு” என்று கூப்பிட்டார்கள். இபு என்றால் அம்மா; அதன் சுருக்கம். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை “ம்பக்” என்றார். அக்கா என்று பொருள். என்னைவிட இருபது வயது மூத்தவர், ஊர் பெயர் தெரியாத என்னை அக்கா என்றதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நம் ஊர் பூக்காரம்மா வயது பார்க்காமல் “வாக்கா” என்பதில்லையா, அந்த மாதிரிதான்.

மூன்றாம் நாள் உதவிக்கு அவருடைய பேத்தி வந்திருந்தாள். கல்லூரியில் படிக்கிறாள், ஆங்கிலம் பேசினாள். என் போனில் இருந்த எங்கள் ஊர்ப் பலாமரங்களைக் காட்டினேன். அடிமரத்திலேயே குலைகுலையாகத் தொங்கும் பழங்களைப் பார்த்ததும் இபு வியாபாரத்தை நிறுத்திவிட்டுப் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கேள்வி மேல் கேள்வி. பிஞ்சைச் சமைப்பீர்களா? எந்தப் பருவத்தில் பறிப்பீர்கள், உள்ளே கொட்டை கட்டுவதற்கு முன்னாலா, கட்டிய பிறகா? முதலில் வேகவைத்துத் தண்ணீரை வடிப்பீர்களா? புளி சேர்ப்பீர்களா?

எனக்கு ஒன்றுக்கும் ஒழுங்காகப் பதில் தெரியவில்லை. ஆயா வைப்பார், நாங்கள் சாப்பிடுவோம். “உங்க கைமணம் யாருக்கு வரும் ஆயா” என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவுவோம். புளி எவ்வளவு, எப்போது இறக்குவது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதைத்தான் பேத்தியிடம் சொன்னேன். அவள் ஜாவானியத்தில் சொல்ல, இபு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சாயந்திரம் வீட்டுக்கு வரச் சொல்” என்றார்.

பேத்தியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து தெற்கே பந்துல் பக்கம் போனேன். வழியில் நெல் வயல், கரும்பு வயல். டச்சுக்காரர்கள் காலத்தில் ஜோக்ஜாவைச் சுற்றி நிறைய சர்க்கரை ஆலைகள் இருந்தன. பந்துலில் மதுகிஸ்மோ ஆலை இன்றும் ஓடுகிறது. ஊர்ச் சாப்பாடு இனிப்பாக இருப்பதற்கு இதைத்தான் பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் இபு கரும்புச் சர்க்கரையைத் தொடுவதில்லை. பக்கத்து மாவட்டமான குலோன் ப்ரோகோவிலிருந்து வரும் தென்னை வெல்லம்தான். பாளை சீவி இறக்கிய பதநீரைக் காய்ச்சி அரைக்கொட்டாங்குச்சி வடிவில் வார்த்தது. ஒரு சில்லை உடைத்து என் கையில் கொடுத்தார். நம் பனங்கருப்பட்டியின் தங்கை; புகை மணம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் பின்னால் தனியாக ஓட்டுக் கூரை போட்ட சமையலறை. அதற்கு ஜாவானியத்தில் பாவோன் என்று பெயர். சாம்பலுக்கு ‘அவு’ என்ற சொல். சாம்பல் இருக்கும் இடம் பாவோன். போரோபுதூருக்கும் மெண்டுட் கோயிலுக்கும் நடுவே சண்டி பாவோன் என்றொரு சின்னக் கோயில் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து அங்கே போனேன். போரோபுதூரைப் பார்க்க ஓடுகிற கூட்டம் அங்கே நிற்பதில்லை. எனக்கென்னவோ அதன் வாசல்படியில்தான் ரொம்ப நேரம் உட்காரத் தோன்றியது.

சமையலறைக்குத் திரும்புகிறேன். தரையில் ஒரு குவியல் பிஞ்சுப் பலா. இபு ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தார். அந்த நொடி என் கை தானாகவே பக்கத்தில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போனது. இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டு, கத்தியின் இரண்டு பக்கமும் தடவினேன். பலாப்பால் கையில் ஒட்டினால் லேசில் போகாது. பண்ருட்டியில் குழந்தைக்குக்கூட இது தெரியும். நிமிர்ந்தால் இபு சிரித்துக்கொண்டிருந்தார். அதுவரை விருந்தாளியாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு எனக்கு ஒரு மணை போட்டுக் கத்தியையும் கொடுத்தார். அதன்பிறகு ஒரு மணி நேரம் பேச்சே இல்லை. தோலைச் சீவுவது, வழிகிற பாலைத் துணியால் ஒற்றுவது, நடுத்தண்டை எடுப்பது, துண்டு போடுவது. நான் பெரிதாக வெட்டியபோது ஒரு துண்டை எடுத்து என் கட்டைவிரல் மேல் வைத்துக் காட்டினார். அந்த அளவு.

பானையின் அடியில் தேக்கிலைகளை விரித்தார். எனக்குப் பொறி தட்டியது. சின்ன வயதில் தேக்கங்கொழுந்தைக் கசக்கி மருதாணி என்று உள்ளங்கையைச் சிவக்க வைத்து விளையாடியிருக்கிறோம். குடெக்கின் செந்நிறம் அந்த இலையிலிருந்துதான் வருகிறது! நாம் விளையாட்டோடு விட்டதை இவர்கள் சட்டியில் போட்டிருக்கிறார்கள். இலை மேல் அரத்தைத் துண்டுகள். நம் வீட்டில் அரத்தை இருமலுக்குத்தான் வெளியே வரும். ஜாவாவில் இஞ்சி பூண்டு மாதிரி தினமும் புழங்குகிறது. சலாம் என்ற இலை. நாவல் மரத்துக்குச் சொந்தக்காரன், பிரிஞ்சி இலையின் வேலையைச் செய்கிறது. அப்புறம் சின்ன வெங்காயம், பூண்டு, தனியா, கெமிரிக் கொட்டை சேர்த்து அரைத்த விழுது. கெமிரி பார்க்க வெளுத்த பாக்கு மாதிரி இருக்கிறது. எண்ணெய்ப்பசை உள்ள கொட்டை, பச்சையாகத் தின்னக்கூடாது, வெந்தால் குழம்பு கெட்டிப்படும். “எங்கள் ஊரில் முந்திரி போடுவோம்” என்றேன். “பணக்கார ஊர்” என்றார் இபு.

அதன் மேல் பலா, பலாவுக்குள் புதைத்து அவித்து உரித்த முட்டைகள், உடைத்த வெல்லம். கடைசியில் இளந்தேங்காய்த் தண்ணீரும் இரண்டாம் பாலும். தலைப்பாலைத் தனியே எடுத்து வைத்தார். காலையில் மேலே ஊற்றினாரே, அதற்கு. மூடினார். மூடியைச் சுற்றி வாழையிலையை வைத்து அழுத்தினார். மணி ஆறரை. “இனி?” என்றேன். “இனி ஒன்றுமில்லை. காலை மூன்று மணி வரை தொடக்கூடாது.”

தொடக்கூடாது என்றாரே தவிர அவர் விட்டுப் போகவும் இல்லை. பக்கத்து அடுப்பில் கோழி, இன்னொன்றில் க்ரெச்செக். அந்தச் சிவப்புக் காரக்குழம்பு இதுதான். பொரித்த மாட்டுத்தோலும் காராமணியும் முழு ஊசி மிளகாயும் போட்டது. அது தனியாகக் கண்ணில் நீர் வரவைக்கும். குடெக்கோடு சேரும்போதுதான் இரண்டுக்கும் அர்த்தம் வருகிறது. இனிப்பை மட்டும் ருசித்துவிட்டு ஜோக்ஜா சாப்பாடு திகட்டுகிறது என்று எழுதுகிறவர்கள் க்ரெச்செக்கை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். முதல் வாயோடு நிறுத்தியிருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

பத்து மணிக்கு இபு அடுப்புக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தார். பேத்தி உள்ளே போய்விட்டாள். நான் சுவரில் சாய்ந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். பதினொன்றரை இருக்கும். கண் மூடியிருந்தவர் சட்டென்று எழுந்தார். அடுப்பிலிருந்து ஒரு விறகை இழுத்து வெளியே போட்டுத் தண்ணீர் தெளித்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் தெரியவும் இல்லை. புரியாமல் பார்த்த என் தலையைப் பிடித்துப் பானைக்குப் பக்கத்தில் சாய்த்தார். உள்ளே ‘தளபுள’ சத்தம் நின்று, அடியிலிருந்து ‘பொத்... பொத்...’ என்று கனத்த குமிழிகள் உடைந்துகொண்டிருந்தன. தண்ணீர் தீர்ந்து பால் எண்ணெய் பிரியத் தொடங்கிவிட்டது. இனிமேல் அந்த விறகு இருந்தால் அடி பிடிக்கும். தூக்கத்தில் அவர் காது அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. “அலோன் அலோன்” என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்தார். மெதுவாக, மெதுவாக.

நான் தூங்கவில்லை. ஆயாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் இப்படி ஒரு காது இருந்திருக்கும். நாம் அதற்குக் கைமணம், கைப்பக்குவம், ராசியான கை என்று பெயர் வைத்துவிட்டோம். பிறவியிலேயே கையில் ஒட்டிக்கொண்டு வந்தது மாதிரி. ஒரு தச்சர் மரத்தைத் தட்டிப் பார்த்தால் தொழில் தெரிந்தவர் என்கிறோம். ஓட்டுநர் இன்ஜின் சத்தம் கேட்டுக் கோளாறு சொன்னால் அனுபவம் என்கிறோம். சமைக்கிற பெண்ணுக்கு மட்டும் அது மணமாகிவிடுகிறது. இதை நினைக்க நினைக்க எனக்கு வருத்தமும் கோபமுமாக வந்தது. என் மேலும்தான்.

மூன்று மணிக்குப் பானையைத் திறந்தபோது சமையலறையே வேறு மணமாக மாறியது. வேலை நடுவே பேச்சு வந்தது. பேத்தி கொட்டாவி விட்டபடி மொழிபெயர்த்தாள். இபுவின் அம்மாவும் குடெக் விற்றவர்தான். கற்றுக்கொடுக்கவில்லை, பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். 2006 மே 27 அதிகாலை நிலநடுக்கம் வந்தபோது இபு தெருவில் வியாபாரத்தில் இருந்தார். ஆறு மணிகூட ஆகவில்லை. பந்துல்தான் மிக மோசமாக அடிபட்டது. அந்த நிலநடுக்கத்தில் 5,700 பேருக்கு மேல் இறந்தார்கள். வீட்டில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சமையலறை விழுந்தது, அம்மா காலத்துப் பானைகள் எல்லாம் உடைந்தன. சில வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு அலுமினியப் பாத்திரத்தை இரவல் வாங்கிச் சமைத்திருக்கிறார். “யாரும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அது பிடிக்கவில்லை” என்றார். புதுப் பானை பழக ஒரு வருஷம் ஆனதாம். வீடு கட்டியதைப் பற்றி இரண்டு வாக்கியம். பானை பழகியதைப் பற்றிப் பத்து நிமிஷம்.

எவ்வளவு சமைப்பது என்பதற்கும் அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஞாயிறு அதிகம், மழை வந்தால் குறைவு, பள்ளி விடுமுறையில் வெளியூர்க்காரர்களுக்காகச் சுண்டிய பதம், ரமலான் மாதத்தில் நேரமே மாறும். எதுவும் எழுதி வைத்ததில்லை. மிஞ்சியதை மறுநாள் விற்பதில்லை. நான் பார்த்த நாட்களில் எட்டு மணிக்கெல்லாம் பானை காலியாகிவிட்டது.

இந்த ஊரில் குடெக் விற்ற பெண்களில் ம்பா லிண்டுவை உலகமே அறியும். ம்பா என்றால் பாட்டி. நெட்ஃபிளிக்ஸின் ‘ஸ்ட்ரீட் ஃபுட்’ தொடரில் 2019-ல் வந்தார். சோஸ்ரோவிஜயன் தெருவில் காலமெல்லாம் விற்றவர், 2020 ஜூலையில், நூறு வயதில் மறைந்தார். அவரைத் தெரியுமா என்று கேட்டேன். இபுவின் முகம் மலர்ந்தது. “எங்களுக்கெல்லாம் பாட்டி” என்றவர், கொஞ்சம் யோசித்து, “கடைசி வரைக்கும் தன் கையால் இலையில் வைத்துக் கொடுத்தார், பார்த்தாயா” என்றார். படம் எடுத்ததையோ புகழையோ அவர் சொல்லவில்லை. இலையில் வைத்துக் கொடுத்ததைத்தான் சொன்னார்.

கடைசி நாள் காலை நான் கிளம்பும்போது காய்ந்த தேக்கிலை ஒரு கட்டும் இரண்டு வட்டு வெல்லமும் துணியில் முடிந்து கொடுத்தார். “பானை மண்பானையாக இருக்கட்டும்” என்று பேத்தி வழியாக இரண்டு தடவை சொன்னார். தேக்கிலையை நாட்டு எல்லைக்கு வெளியே கொண்டுபோக விடுவார்களோ மாட்டார்களோ என்று பயந்து, அதைப் பேத்தியிடமே திருப்பிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் தேக்கு இருக்கிறது என்று சொன்னதும் இபு நிம்மதியானார்.

போன பங்குனியில் பண்ருட்டியில் அம்மா வீட்டுக் கொல்லையில் கல் கூட்டி அடுப்பு போட்டேன். எங்கள் மரத்து மூசு, பக்கத்துத் தோட்டத்துத் தேக்கிலை, கெமிரிக்குப் பதில் முந்திரி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவினார். “ஆயா புளியை முதலிலேயே ஊற்ற மாட்டாங்கடி, மூசு பாதி வெந்த பிறகுதான்” என்று பேச்சுவாக்கில் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அம்மா, இதை ஏன் இத்தனை வருஷமா சொல்லல?” “நீ எப்ப கேட்ட?” நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து அம்மாவை இறுகப் பிடித்துக்கொண்டேன். குடெக் வேகிற நேரம் முழுக்க ஆயாவின் குழம்பு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. எல்லாம் வரவில்லை. மிளகு எவ்வளவு என்பதில் அம்மாவுக்கே சந்தேகம்.

விடியற்காலை இரண்டு மணிக்கு மூடியைத் திறந்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் பேத்திக்கு அனுப்பினேன். ஜாவாவில் மூன்றரை, இபு பானையோடு கிளம்புகிற நேரம். உடனே பதில் வந்தது. குரல் பதிவு. இபுவின் குரல், பின்னால் ஸ்கூட்டர் சத்தம். கீழே பேத்தி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: “நிறம் பத்தாது, ம்பக். ஏன் அவசரப்பட்டுத் திறந்தாய்? மூடு. இன்னும் மூன்று மணி நேரம்.”

மூடினேன். அம்மா இரண்டு விறகை உள்ளே தள்ளினார். ஒன்றை நான் வெளியே இழுத்துவிட்டு, பானைக்குப் பக்கத்தில் பாயை விரித்தேன்.